படம் பார்க்கும் பக்கம்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டது காதில் விழவில்லை, லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. "மேடையில வெக்கறதுக்கு அப்பா படம் ஒண்ணு வேணும்மா. நீயே வரைஞ்சு குடுத்துரு, மாலை போட்டு வெச்சுக்கலாம்" என்றாய். மலையில் பாதி வீடுகளுக்குப் படம் வரைந்து கொடுத்தவளுக்குச் சொந்தப் புருஷனை வரைய எத்தனை நேரமாகும் என்று நினைத்திருப்பாய். கேட்டதில் தப்பில்லை. அப்பன் முகம் தெரியாமல் வளர்ந்த பிள்ளை, கல்யாணத்தன்றாவது பார்க்க ஆசைப்படுவான். ஆனால் மறுநாளே உன் மாமா நல்லேப்பிள்ளியிலிருந்து கூப்பிட்டார். என் அண்ணனுக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு மழை, நாற்று, உரம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "பொண்ணூட்டுக்காரங்க ஒண்ணு கேக்கறாங்க புள்ள. சம்பந்தியம்மா பொட்டோட நிப்பாங்களா, எப்படீங்கன்னு. சீர் செய்யறதுக்குத் தோது பாக்கோணுமல்லோ" என்றார்.

நீ கேட்டதும் அவர்கள் கேட்டதும் ஒன்றுதான். மாலை போட்ட படம் மேடைக்கு வந்தால் உன் அப்பா செத்தவர். அவர் செத்தவரானால் நான் பொட்டை அழித்துவிட்டுப் பின்வரிசைக்குப் போக வேண்டியவள், பெற்ற மகன் கல்யாணத்தில் ஒரு சீருக்கும் கை நீட்டக் கூடாதவள். படம் வேண்டாம் என்றால் நான் பொட்டோடு முன்னால் நிற்கலாம், உனக்கு அப்பா இல்லை. என்ன கேட்கிறோம் என்று தெரியாமலே நீ கேட்டுவிட்டாய். எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு வைத்த சோறு அப்படியே கிடந்தது. பிறகு யோசித்தேன், உனக்கு எப்படித் தெரியும், நான் எப்போது சொன்னேன் என்று. அதனால் இதை எழுதுகிறேன். பொறுமையாகப் படி. நடுவில் போன் செய்து "சுருக்கமாச் சொல்லும்மா" என்று கேட்காதே.

நான் என்ன படித்தேன் என்று யாராவது கேட்டால் "டிராயிங்" என்று சொல்லிவிடுகிறாய். அது டிராயிங் இல்லை. வடக்கே, ரயிலில் போய்ச் சேர்வதற்குள் சுற்றிக் கேட்கும் பாஷை பலதரம் மாறிவிடும் தூரத்தில், ஒரு டிசைன் பள்ளி. நல்லேப்பிள்ளிக்குப் பக்கத்தில், பாலக்காட்டுச் சித்தூரில் காலேஜ் படிக்கும்போது பரீட்சைப் பேப்பர் ஓரத்தில் நான் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு ஒரு டீச்சர்தான் அங்கே எழுதிப் போட வைத்தார். உன் தாத்தாவுக்கு டிசைன் என்றால் சேலைக்கரை. "துணிக்குப் பூப் போடற படிப்புங்களாமா. போயிட்டு வரட்டும், கண்ணாலத்துக்கப்பறம் ஒதவும்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு ரயிலேற்றிவிட்டார். அவர் அப்படித் தப்பாகப் புரிந்துகொள்ளாவிட்டால், எழுபதுகளின் தொடக்கத்தில் நெல்லும் களமுமாக இருந்த ஒரு குடும்பத்துப் பெண்ணை யார் அவ்வளவு தூரம் அனுப்பியிருப்பார்கள்? முதல் லீவுக்கு வந்தபோது பூப் போட்ட துணி எங்கே என்று கேட்டார். நான் செய்துகொண்டு வந்த முக்காலியைக் காட்டினேன். அதில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஆசாரி வேலைக்கா புள்ள இத்தன தூரம் போனே?" என்றார்.

அங்கே எங்களுக்குப் பாடம் எடுத்தது ஒரு மராத்திக்கார அம்மா. சிரித்து நான் பார்த்ததில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாற்காலியை வரையச் சொன்னார். வரைந்தோம். எல்லாவற்றையும் வாங்கிக் கிழித்துப் போட்டார். "உங்களில் ஒருவரும் நாற்காலியைப் பார்க்கவில்லை. கண் பார்க்காவிட்டால், கைக்கு எது தெரியுமோ அதைக் கை வரைந்துவிடும். இனி நாற்காலியை வரையாதீர்கள். அதன் கால்களுக்கு நடுவில் இருக்கும் காலி இடத்தை மட்டும் வரையுங்கள்" என்றார். மாதக்கணக்கில் காலி இடங்களையே வரைந்தோம். காலி இடம் சரியாக வந்தால் நாற்காலி தானாக வந்து நிற்கும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் சொன்ன இன்னொன்று, எந்தப் பொருளையும் செய்வதற்கு முன்னால் அது இருக்கப் போகும் இடத்தில் போய் உட்கார வேண்டும். உனக்கு எப்படி வேண்டும் என்று யாரிடமும் கேட்காதே, நீ இங்கே என்ன செய்வாய் என்று கேள் என்பார். இந்த இரண்டைத் தவிர நான் அங்கே கற்றது பெரிதாக நினைவில் இல்லை. என்னோடு படித்தவர்கள் கடிகாரம் செய்தார்கள், பெரிய ஹோட்டல்களுக்கு மேசை நாற்காலி செய்தார்கள், சிலர் படம் பத்திரிகையில் வந்தது. நான் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு மலையேறி வந்து செத்தவர்களுக்குக் கண் திறந்தேன். என் பெயர் எந்தப் படத்தின் மூலையிலும் இருக்காது.

உன் அப்பா சர்வேயர் என்பது உனக்குத் தெரியும். தேவிகுளம் தாலுக்கா ஆபீஸில் வேலை. எல்லை அளக்கிற வேலை முழுக்கப் போடிமெட்டுப் பக்கம் இருந்ததால், ஏலமும் தேயிலையும் சேருகிற இந்தச் சரிவில், நான் இன்னும் இருக்கிற இந்த ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்தார். குள்ளமான ஆள். தட்டில் ரசம் ஓடினால்கூடச் சோற்றால் வரப்பு கட்டி எல்லை பிடிப்பார். எங்களுக்குள் பெரிய சண்டை வந்ததில்லை, இரண்டு பேருக்கும் பார்ப்பதுதானே தொழில். ஒரு நாள் சமையல்கட்டில் நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, சாக்குத் தைக்கும் நூலை எடுத்துத் தரையில் நீட்டி வைத்துத் தன் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். "இந்தா புள்ள, இங்கிருந்து ஒருத்தன் ஒரு பாறையப் பாக்கறான். அங்கிருந்து இன்னொருத்தன் அதே பாறையப் பாக்கறான். ரெண்டு பார்வையும் எங்க வெட்டுதோ, அங்கதான் பாறை. நாம அங்க போகவே வேண்டாம்."

"போகாமலே எடத்தப் புடிச்சுருவீங்களா?" என்று கேட்டேன்.

"போனாத்தான் வழி தவறும்" என்று சிரித்தார்.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. நீ வயிற்றில் இருந்தாய். காலையில் கஞ்சி குடித்துவிட்டுச் சங்கிலிக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார். சங்கிலி பிடித்து அளக்க உடன் போகிறவர் அவர். நடந்ததை அவர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், ஒரு வார்த்தை மாறியதில்லை. மேலே சரிவில் கொடிக்கம்பை நட்டார்கள். மஞ்சு இறங்கி மலையே பனிமூட்டமாகிவிட்டது. "நீ இங்கயே நில்லு, அந்தப் பக்கமிருந்து கம்பு தெரியுதான்னு பாத்துட்டு வந்தர்றேன்" என்று உன் அப்பா நடந்தார். சத்தம் கொடுத்துக்கொண்டே போனாராம், இவரும் பதில் கொடுத்துக்கொண்டே இருந்தாராம். பிறகு இவர் சத்தம் மட்டும். மஞ்சு விலகியபோது கம்பு நட்டது நட்டபடி நின்றது. கம்பைச் சுற்றியும் அதற்குக் கீழேயும் மலையின் இரண்டு பக்கத்து ஆட்களும் தேடினார்கள். ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை. போடிநாயக்கனூரில் பார்த்தேன் என்றார் ஒருவர், சாமியாராகிவிட்டார் என்றார் இன்னொருவர். நான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். உடலைப் பார்க்காதவள் பொட்டை அழிக்க மாட்டேன் என்று மட்டும் சொன்னேன், அண்ணனும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

எங்கள் கல்யாணப் படம் என்னவாயிற்று என்று சின்ன வயதில் கேட்பாய். அந்த மழையில்தான் அதில் பூஞ்சை ஏறியது. என் முகம், மாலை, பின்னால் நின்றவர்கள் எல்லாம் அப்படியே இருக்க, அவர் முகத்தில் மட்டும் வெள்ளையாகப் பூத்திருந்தது. மலையில் பூஞ்சை எதைத்தான் விடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆபீஸ் ஃபைலில் அவர் படம் இருக்கும் என்று தேவிகுளம் போய்க் கேட்டேன். எடுத்துக் காட்டினார்கள். அதிலும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பி வரும்போது பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, குளிருக்கு என்று போர்வையைக் கொடுத்தாள்.

அருள்மணி அத்தையை உனக்குத் தெரியும், உன்னைத் தூக்கி வளர்த்தவள். அவள் முதல் முதலில் என் வாசலுக்கு வந்தது நீ தவழ்கிற சமயம். தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் கீழ் லயத்தில் இருந்து வந்தாள். அவள் புருஷன் மரம் விழுந்து செத்திருந்தார். அவளிடம் இருந்தது அவரைப் பெட்டியில் வைத்து, கல்லறைக்குக் கொண்டுபோகும் முன் எடுத்த ஒரே படம். "அக்கா, நீங்க படம் படிச்சவியன்னு சொன்னாவ. அவிய கண்ணத் தொறந்து வரைஞ்சு குடுங்கக்கா. பிள்ளைக மூடுன கண்ணப் பாத்துப் பயப்படுது" என்றாள். கண் எப்படி இருக்கும் என்று கேட்டேன். நல்ல பெரிய கண் என்றாள். பெரிய கண்ணாக வரைந்து கொடுத்தேன். மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுவந்தாள். "நல்லாத்தாங்க்கா இருக்கு. வேற யாரோ ஒருத்தரு வீட்டுக்குள்ள வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

மராத்திக்கார அம்மா இருந்திருந்தால் கிழித்தே போட்டிருப்பார். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன். அவள் புருஷன் உட்காரும் இடத்தைக் காட்டச் சொன்னேன். வேலை முடிந்து வந்தால் எங்கே சாய்வார், எதைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவர் அங்கே இருக்கும்போது நீங்களெல்லாம் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். அவர் சாய்ந்த இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை இருந்தது. அதில் தலையை வைத்து உட்கார்ந்தேன். அங்கிருந்து அடுப்பு தெரிந்தது, அடுப்படியில் அவள் முகம் பாதி தெரிந்தது. படத்தை மாட்டப் போகும் சுவரையும் பார்த்துக்கொண்டேன். அந்த மனிதரை விட்டுவிட்டு அவரைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் வீட்டுக்கு வந்து வரைந்தேன், அதற்குப் பிறகுதான் கண்ணைத் திறந்தேன். அருள்மணி அதைப் பார்த்து அழவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "இந்தா வந்துட்டாவல்லா" என்றாள்.

அதிலிருந்து ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள். மேல் லயம், ஏலத்தோட்டம், மலைக்கு அந்தப் பக்கம். எல்லாருக்கும் கண்ணைத் திறக்க வேண்டும். பகலில் தோட்டத்துப் பள்ளியில் கைவேலை டீச்சர், மற்ற நேரமெல்லாம் இதுதான். அதற்குப் பிறகு இறந்தவர் இடத்தில் போய் உட்காராமல் நான் ஒரு படமும் வரைந்ததில்லை. உயிரோடு இருப்பவரையும் வரைந்ததில்லை, உன்னைக்கூட. ஊருக்கெல்லாம் வரைந்தவள் கையால் வரைந்த உன் படம் ஒன்றும் நம் வீட்டில் இல்லாதது இதனால்தான். என் கை கண் திறந்தால் அந்த ஆள் போனவர் என்று மலையில் ஒரு பேச்சாகிவிட்டது, எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

நீ பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் என்று நினைக்கிறேன், எழுபதுகள் முடியப் போகிற சமயம். குழாயடியில் அருள்மணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பகல்தான், ஆனால் மஞ்சு மூடிப் பக்கத்து வீட்டுக் கூரை தெரியவில்லை. "அக்கா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதிய. எங்க வீட்டுல அவிய அடுப்பப் பாக்கல."

"அடுப்பப் பாக்கற மாதிரிதானே வரைஞ்சேன்?"

"அடுப்புக்கு மேல பாக்காவ. சுவத்துக்கு அந்தாண்ட. நான் மேல் லயத்துலயும் போய் நின்னு பாத்தேன். அங்க தாத்தா படம் எதிர்ச்சுவத்துல மாட்டியிருக்கு, எங்க வீட்டுக்கு நேர் மாறா. அந்தத் தாத்தா கதவத்தான பாக்கணும்? கதவ விட்டு ஒதுங்கிப் பாக்காரு. ஏலத்தோட்டத்துலயும் பாத்தேன். எல்லாரும் ஒரே பக்கந்தாங்க்கா பாக்காவ." சொல்லிவிட்டு மஞ்சுக்குள் கையை நீட்டினாள். வீடு வீடாக ஒவ்வொரு படமும் எந்தத் திசையில் பார்க்கிறது என்று அவள் காட்டக் காட்ட, எனக்குத் தரையில் கிடந்த சாக்கு நூல் ஞாபகம் வந்தது. கீழ் லயத்திலிருந்து ஒன்று, மேல் லயத்திலிருந்து ஒன்று, ஏலத்தோட்டத்திலிருந்து ஒன்று. அவை கொடிக்கம்பு நட்ட சரிவில் வெட்டவில்லை. ஓடைக்கு அந்தப் பக்கம், யாரும் தேடாத மடிப்பில், ஒரு பாறையில் வெட்டின. மழை நின்ற நாளில் நம் வீட்டிலிருந்தே அந்தப் பாறை தெரியும்.

நான் தெரிந்து செய்யவில்லை, கண்ணு. அந்த வீடுகளில் கேட்டதைத்தான் வரைந்தேன். கண் பார்க்காவிட்டால் கை தனக்குத் தெரிந்ததை வரைந்துவிடும் என்று அந்த அம்மா சொன்னதை நினைத்துப் பார்த்தேன். அப்படியென்றால் என் கைக்கு என்ன தெரிந்திருந்தது, அதை யார் சொன்னது? அருள்மணியிடம் பாறையைப் பற்றிச் சொன்னேன். கூட வருகிறாயா என்று கேட்டேன். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்தாள். "போய்ப் பாத்தா அண்ணாச்சி செத்தவரு. பாக்காட்டி காணாமப் போனவரு. உங்களுக்கு எது வேணும்னு நீங்கதாங்க்கா சொல்லணும்" என்றாள். நான் என் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் அதைப் பேசியதே இல்லை. படம் மட்டும் வரைந்துகொண்டே இருந்தேன், புதிதாக வரைந்தவையும் அந்தப் பக்கமே பார்த்தன. நல்லேப்பிள்ளிக்கு வந்துவிடு என்று நீயும் மாமாவும் கூப்பிடும்போதெல்லாம் குளிர் பழகிவிட்டது என்று சொல்வேன். குளிர் எனக்கு இன்றுவரை பழகவில்லை.

நீ படம் கேட்ட பிறகுதான் அருள்மணியைக் கூப்பிட்டேன். அவளுக்கு இப்போது முழங்கால் வலி, ஆனாலும் வருகிறேன் என்றாள். காலையிலேயே கிளம்பி ஓடையைத் தாண்டி ஏறினோம். பாறை தட்டையாக இருந்தது, நாலு பேர் உட்காரலாம். அதன் நுனியில் சர்வேக்காரர்கள் உளியால் வெட்டுகிற குறி ஒன்று இருந்தது. யார் வெட்டியதோ, எந்தக் காலத்ததோ, பாசி ஏறியிருந்தது. பாறைக்கு அப்பால் பள்ளம். எட்டிப் பார்த்தேன். மஞ்சுதான் இருந்தது. அருள்மணி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு ஜெபம் சொன்னாள். நான் என் தொழிலைச் செய்தேன். அந்தக் குறிக்குப் பக்கத்தில், அவர் உட்கார்ந்திருந்தால் எப்படி உட்கார்ந்திருப்பாரோ அப்படிக் காலை மடக்கி உட்கார்ந்து, அங்கிருந்து என்ன தெரிகிறது என்று பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சு ஒதுங்கியது. கொடிக்கம்பு நட்ட சரிவு தெரியவில்லை. லயங்கள் தெரியவில்லை. நம் வீட்டுச் சமையல்கட்டு ஜன்னல் தெரிந்தது, அது மட்டும்தான் தெரிந்தது. நான் அன்றைக்கு அடுப்பை அணைக்காமல் வந்திருக்கிறேன், புகை வந்துகொண்டிருந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இத்தனை வருஷம் அழாததையும் சேர்த்து அழுதேன். அருள்மணி என்னைத் தொடவில்லை, அழுது முடிக்கும்வரை திரும்பி நின்றாள்.

வீட்டுக்கு வந்து வரைந்துவிட்டேன். முகம் மறந்திருக்கும் என்று பயந்தேன். சுற்றியிருந்ததை வரைந்ததும் முகம் வந்தது. உனக்கு இருக்கிற அதே காது. கண்ணைக் கடைசியில்தான் திறந்தேன். என்னால் செத்தவருக்கு மட்டுமே கண் திறக்க முடியும் என்று உனக்கு மேலே சொல்லியிருக்கிறேன், அதனால் இனி நீ என்னிடம் வேறொன்றும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் விடிந்ததும் அருள்மணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மேடேறி வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அக்கா, அவிய இப்ப அடுப்பப் பாக்காவ" என்றாள். மேல் லயத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டாளாம். அங்கே தாத்தா கதவைப் பார்க்கிறாராம்.

படத்தை மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன். மாலை போடு, பெரிய மாலையாகவே போடு. உன் அப்பாவுக்குச் செய்ய வேண்டியது எதையும் குறைக்காதே. ஆனால் அருள்மணி திருப்பிக் கொடுத்ததை விட்டால், வைக்கப் போகிற இடத்தைப் போய்ப் பார்க்காமல் நான் வரைந்த படம் இது ஒன்றுதான், அதனால் அந்த வேலையை நீதான் செய்ய வேண்டும். மேடையில் படத்தை வைத்துவிட்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று நிதானமாகப் பார். பொண்ணு வீட்டுக்காரர்கள் மறுபடி கேட்டால், என் அம்மாவுக்கு இடம் அப்பா காட்டியிருக்கிறார் என்று சொல். அவர் பார்க்கிற அந்த இடத்தில் வேறு யாரையும் நிற்க வைத்துவிடாதே, கண்ணு. நான் பொட்டோடு வருவேன்.

அம்மா